முதுநகர் மூக்கு

கடலூரைச் சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவன் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். சுற்றிப் பார்க்க இது என்ன ஊரா? மஞ்சக்குப்பம் ஒரு ஊர், புதுப்பாளையம் ஒரு ஊர், திருப்பாதிரிப்புலியூர் ஒரு ஊர், நாங்கள் இருக்கிற முதுநகர் ஒரு ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சம்பந்தமில்லாமல் கிடந்ததையெல்லாம் வாரிச் சேர்த்து, கடலூர் என்று பெயர் வைத்து, நடுவில் ஒரு கலெக்டரை உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு கோடியில் டவுன் பஸ் ஏறினால் மறு கோடி வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

ஆனாலும் 2011 தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னோடு சிதம்பரத்தில் படித்த சபாபதி, தன் பெண்டாட்டி மோகனப்பிரியாவோடும் அவளுடைய ஆபீஸ் தோழி ஒருத்தியோடும் சென்னையிலிருந்து கடலூரைச் சுற்றிப் பார்க்க வந்தான். பொய்தான். எல்லோருக்கும் தெரிந்த பொய். அந்தத் தோழி சுவாதி என்னைப் பார்க்க வந்தாள். என்னை மட்டும் இல்லை. என் வீட்டை, என் தெருவை, என் ஊரை.

பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு, ‘ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்’ என்று எழுந்து போன காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது பெண்ணே சிநேகிதர்களோடு டூர் மாதிரி வந்துவிடுகிறாள். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். பிடித்திருந்தால் ரெண்டு நாள் கழித்து போன் வரும். பிடிக்காவிட்டால், ‘நாங்க ஊரு பாக்கத்தான வந்தோம்’. கேட்காத கேள்விக்கு இல்லை என்ற பதிலும் கிடையாது, மானமும் போகாது. என்னா மூளை பாருங்கள் ஜனங்களுக்கு!

எனக்கு வயது முப்பத்துநாலு. பெயர் தமிழ்வேந்தன். வேந்தனாம், ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. துறைமுகத்துப் பக்கம் போட் இன்ஜினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடை வைத்திருக்கிறேன். அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான். வந்த வரன் எல்லாம் ஒரே இடத்தில்தான் முட்டி நின்றது. பையன் நல்ல பையன், சொந்தக் கடை, குடி கிடையாது, எல்லாம் சரி. எந்த ஊரு? கடலூர். கடலூர்ல எங்க? முதுநகர். அதோடு தரகர் போனை வைத்துவிடுவார்.

காரணம் நாற்றம். எங்களுக்குத் தெற்கே ரோட்டோரம் கெமிக்கல் கம்பெனிகள் இருக்கின்றன. தெற்கிலிருந்து காற்றடித்தால், அழுகின முட்டையும் ஆஸ்பத்திரியும் ஒன்றாகக் கலந்த மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்வார்கள். ஆனால் தை மாதத்தில் காற்று வடக்கேயிருந்து அடிக்கும். நாற்றத்தை அப்படியே தெற்கே தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால்தான் சபாபதியிடம் தையில் வா, தையைத் தாண்டிவிடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். அன்று காலையில் எழுந்ததும் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். சுத்தமான காற்று. இந்த வரன் தட்டிப் போகக்கூடாது என்று அம்மா வழக்கம்போல இருமிக்கொண்டே சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அதே வேண்டுதல்தான், வெளியில் சொல்லவில்லை.

சபாபதி புது ஸ்விஃப்ட் காரில் வந்து இறங்கினான். கறுப்புக் கண்ணாடி, அரைக்கால் சட்டை. திருப்பாதிரிப்புலியூரில் இருந்த பூர்வீக வீட்டை விற்று ஏப்பம் விட்டுவிட்டு ஓடினவன், தேவனாம்பட்டினம் பீச்சில் கால் வைத்ததும் இரண்டு கையையும் விரித்தான்.

“என்னா இருந்தாலும் நம்ம மண்ணு நம்ம மண்ணுதான் மச்சான். மெரினாவெல்லாம் இதுகிட்ட நிக்குமா?”

“நிக்காது. அங்க உக்கார இடம் இருக்கும்,” என்றேன்.

மோகனப்பிரியா அலையைப் போட்டோ எடுத்தாள், படகைப் போட்டோ எடுத்தாள், படகுக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாயையும் எடுத்தாள். “சோ க்யூட்!” என்றாள். எது க்யூட் என்று நாய்க்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இதுகளை நம்பி என் கல்யாணம் இருக்கிறதே!

சுவாதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பேசாமல் நடந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். அலட்டல் இல்லாத முகம். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பி, “உங்க பக்கம் தண்ணி எப்படிங்க? நல்ல தண்ணியா?” என்று கேட்டாள்.

ஆகா, வீடு பார்க்கிற கேள்வி ஆரம்பித்துவிட்டது. சபாபதி முந்திக்கொண்டு, “தேன் மாதிரி இருக்கும்!” என்றான்.

“உப்பு கலந்துதான் வரும். குடிக்கக் கேன் வாங்குறோம்,” என்றேன் நான்.

சபாபதி என் காலை மிதித்தான். சுவாதி சிரித்துவிட்டாள். “இவரு ஒருத்தர்தான் காலையிலேர்ந்து உண்மை பேசறாரு,” என்று மோகனப்பிரியாவிடம் சொன்னாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அசடு மாதிரி கடலைப் பார்த்து நின்றேன்.

அடுத்தது திருப்பாதிரிப்புலியூர் கோயில். சபாபதி கைடு வேலையில் இறங்கினான். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், கல்லே தெப்பமாக மிதந்து வந்து இங்கேதான் கரையேறினார் என்று, என்னவோ தானே கை கொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி சொன்னான். “அப்பேர்ப்பட்ட ஊரும்மா இது!”

“கரையேறுனவரு இங்கயே இருந்தாரா? பாட்டைப் பாடிட்டு அடுத்த ஊருக்குக் கெளம்பிட்டாரு. வெவரமான மனுஷன்,” என்றேன்.

சுவாதி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சன்னிதியில் குருக்கள் திரும்பிப் பார்த்தார். கடைத்தெருவில் நடக்கும்போது அவள் வேண்டுமென்றே என்னைக் கிளறினாள். “இந்த ஊர்ல உங்களுக்குப் புடிச்சது எதுனா ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

“மெட்ராஸ் பஸ்ஸு,” என்றேன். “அரை மணிக்கு ஒண்ணு இருக்கு.”

“அப்ப ஏன் இன்னும் ஏறல?”

“கடை இருக்குது. அம்மா இருக்காங்க.” வேறு என்ன சொல்வது? உண்மையும் அதுதான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பேச்சைக் கேட்டு முகம் சுளிக்காத ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மத்தியானம் முதுநகருக்குப் போனோம். அம்மா வஞ்சிர மீன் குழம்பு, இறால் வறுவல், ரசம், பாயசம் என்று தடபுடல் பண்ணியிருந்தாள். சௌந்தரம் என்று பெயர் அவளுக்கு. கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற கம்மாபுரத்தில் நிலத்தோடு வளர்ந்தவள், கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டு மீன் சமைப்பதில் பெரிய கைகாரியாகிவிட்டாள். சுவாதி கேட்காமலே அடுப்படிக்குப் போய் இலையை எடுத்து வந்து போட்டாள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஒரு சிரிப்பு சிரித்தாள். பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரம் என்று எனக்கும் பட்டது.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். சாப்பிட உட்கார்ந்ததும், ரொம்பப் பெருமையாக, சுவாதியைப் பார்த்துச் சொன்னேன்: “முதுநகர்னாலே ஜனங்க மூக்கைப் புடிப்பாங்க. எல்லாம் சும்மா கெளப்பி விடறது. இப்ப உக்காந்திருக்கீங்களே, எதுனா நாத்தம் தெரியுதா? சுத்தமான காத்து!”

சபாபதி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான். இந்தப் பய எதற்கும் வாயடைத்துப் போனது கிடையாதே என்று நினைத்தேன். மோகனப்பிரியா துப்பட்டாவை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக் கொண்டிருந்தாள். சுவாதியைப் பார்த்தேன். கண் ரெண்டும் சிவந்து தண்ணீர் கட்டியிருந்தது. இடது கையில் கைக்குட்டை, மூக்கின் மேல். சோற்றை முழுங்கிவிட்டு, “லேசா... பரவால்லங்க,” என்றாள்.

“சாக்கடை அடைச்சிக்கிச்சு போல,” என்று சொல்லிக்கொண்டே அம்மா எழுந்து போய் நாலு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னலில் செருகினாள். வந்தவர்களுக்காக என்னமாய் சமாளிக்கிறாள் என்று நினைத்தேன்.

கை கழுவுகிற சாக்கில் வாசலுக்கு வந்தேன். எலெக்‌ஷன் வரப்போகிற வருஷம், எதிர்வீட்டு மொட்டைமாடியில் கட்சிக்கொடி கட்டியிருந்தார்கள். கொடி வடக்குப் பார்த்து விறைப்பாகப் பறந்தது. அப்படியென்றால் காற்று தெற்கிலிருந்து வருகிறது. எப்போது திரும்பியதோ தெரியாது. நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன். எனக்கு மீன் குழம்பு வாசம்தான் வந்தது.

உள்ளே திரும்பி வந்தபோதும் அந்தக் கைக்குட்டை அவள் மூக்கின் மேல்தான் இருந்தது. எங்கம்மா கையால் சமைத்துப் போட்ட சோற்றின் முன்னால். எனக்குச் சுருக்கென்றது. அவமானமா கோபமா என்று கேட்டால், ரெண்டும்தான். அவள் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை, அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

நடராஜரைப் பார்க்காமல் போனால் எப்படி என்று சபாபதி காரைச் சிதம்பரத்துக்கு விட்டான். கம்பெனிகளைத் தாண்டும்போது கேட்காமலே எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஏசியைக் கூட்டினான். காலையில் நம்ம மண்ணு என்று கையை விரித்தவன்தான்.

சிதம்பரத்தில் கோயிலுக்குள் நுழைந்ததும் அவனுக்கு மறுபடியும் வாய் வந்துவிட்டது. படிக்கிற காலத்தில் கிளாசுக்குப் போகாமல் இங்கே வந்து உட்காருவோம் என்று தூண் தூணாகக் காட்டினான். இவன் உட்கார்ந்த தூணையெல்லாம் பார்க்கத்தான் ஊர் உலகத்திலிருந்து ஜனங்கள் வருகிறார்கள் போலிருக்கிறது. தரிசனம் முடிந்ததும் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு, “நாங்க ஒரு சுத்து சுத்திட்டு வர்றோம்,” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். நானும் சுவாதியும் சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம்.

“நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன்,” என்றாள் அவள். “எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. அம்மாவையும் புடிச்சிருக்கு. ஊருதான் முடியாதுங்க. நீங்களே காலையிலேர்ந்து இந்த ஊரைத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்க. மெட்ராஸ் வந்துடுங்களேன். எங்க ஊடு ராயபுரத்துலதான். காசிமேடு பக்கம். அங்கயும் போட்டு இருக்கு, இன்ஜின் இருக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் வேணும். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. நான் பாத்துக்குறேன்.”

கேட்டீர்களா? நான் இத்தனை வருஷமாக எதற்கு ஏங்கினேனோ அதை வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுகிறாள். அங்கேயே சரி என்று சொல்லியிருந்தால் முடிந்தது கதை. ஆனால் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

“காசிமேட்டுல மட்டும் மல்லிப்பூவா மணக்குது?”

அவள் அரண்டு போய்ப் பார்த்தாள். “நான் அப்படிச் சொல்லலையே.”

“எங்க ஊரை நான் திட்டுவேன். எனக்கு உரிமை இருக்கு. நீங்க எங்க ஊட்டுல வந்து, எங்கம்மா போட்ட எலைக்கு முன்னாடி மூக்கை மூடுனீங்க. எங்கம்மா இந்தக் காத்தைக் குடிச்சுத்தான் என்னை வளத்தாங்க. அவுங்க ஒரு நாள் மூக்கை மூடுனது கெடையாது.”

“எனக்குக் கண்ணு எரிஞ்சிச்சுங்க. உங்களுக்கு எரியலயா?”

“எரியல.”

“நெஜமாவே எதுவும் தெரியலயா?”

“தெரியல. என்னா இப்ப?”

அவள் மெதுவாக, “அதாங்க எனக்குப் பயமா இருக்கு,” என்றாள். அதில் ஏளனம் இருந்திருந்தால் நாலு வார்த்தை பதிலுக்குக் கொடுத்திருப்பேன். பரிதாபம் இருந்தது. ஆஸ்பத்திரி கட்டிலில் கிடக்கிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். யார் யாரைப் பார்த்துப் பரிதாபப்படுவது? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“ஊரு பாக்கத்தான வந்தீங்க? பாத்தாச்சு இல்ல? கெளம்புங்க,” என்று எழுந்துவிட்டேன்.

அவளும் எழுந்தாள். “சரிங்க,” என்று ஒரே சொல்லோடு பிராகாரத்துப் பக்கம் நடந்துவிட்டாள். கீழவீதியில் காருக்குப் பக்கத்தில் சபாபதி என்னை ஓரம் கட்டினான். “டேய், அவகிட்ட என்னாடா சொல்லித் தொலைச்ச? மூஞ்சியே செத்துப் போச்சு அவளுக்கு.”

“ஊரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். நீ கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் பத்திரமாப் போ மச்சான். நான் பஸ்ஸுல போய்க்கிறேன்.”

“நீயெல்லாம் உருப்பட மாட்டடா,” என்று கதவை அறைந்து சாத்தினான். உருப்பட்டவன் சொல்கிறான், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கார் போன பிறகு நடந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தேன். அம்மா மானத்தைக் காப்பாற்றிவிட்டேனாம்! அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை வேறு பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விளக்கேற்றிவிட்டு, மத்தியானப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, “என்னாடா, பொண்ணு எதுனா சொல்லுச்சா?” என்றாள்.

“புடிச்சிருக்குன்னு சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன்.”

“என்னாது?”

“மெட்ராசுக்கு வந்துடணுமாம். அங்க கடை போடணுமாம். உன்னையும் கூட்டிக்கிட்டு வரணுமாம். என்னா திமிரு பாரு!”

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “என்னையுமா கூப்புட்டுச்சு?”

“ஆமா. நான் உட்டுக் குடுப்பேனா? எங்கம்மா இந்தக் காத்தைக் குடிச்சுத்தான் வளத்தாங்க, ஒரு நாள் மூக்கை மூடுனது கெடையாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்.”

பாராட்டுவாள் என்று நின்றேன். அவள் என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தாள். மீன்காரன் கூடையில் நேற்றைய மீனைக் கண்டால் அப்படித்தான் பார்ப்பாள்.

“யாரைக் கேட்டுடா சொன்ன?”

“ஒனக்காகத்தாம்மா...”

“எனக்காகவா? தொரைக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துச்சு, அதுக்கு என் தலைய எதுக்குடா உருட்டுற? நான் கேட்டனா? என்னைக்காவது ஒரு வார்த்தை கேட்டியா நீ என்னைய?” அம்மா பாத்திரம் துடைத்த துணியை வீசிப் போட்டாள். “கழுதைக்குத்தான் கற்பூர வாசனை தெரியாதும்பாங்க. ஒனக்கும் ஒங்கப்பனுக்கும் நாத்தமே தெரியல. நான் கம்மாபுரத்துக்காரிடா. அந்தக் கம்பெனிங்க வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் தப்பாம எனக்கு நாறுது. சோறு வடிக்கையில நாறுது, படுத்தா நாறுது, தொவைச்ச துணியில நாறுது. இந்த இருமல் எதனால வருதுன்னு நெனைச்ச?”

“நீ சொல்லவே இல்லையேம்மா.”

“ஒங்கப்பா பொறந்த ஊரு, நீ பொறந்த ஊரு. மூக்கை மூடுனா ரெண்டு பேரும் மனசு சங்கடப்படுவீங்கன்னு இருந்துட்டேன். இன்னிக்கி அந்தப் பொண்ணு எலை போட உள்ள வந்துச்சு பாரு, அப்ப என் காதுகிட்ட வந்து, ‘எப்படிம்மா இங்க இருக்கீங்க?’ன்னு கேட்டுச்சு. இத்தனை வருஷத்துல என்னைய அதைக் கேட்ட ஒரே ஆளுடா அது.”

“போன் போட்டுப் பேசட்டுமாம்மா?” என்றேன்.

“போட்டு? எங்கம்மாவுக்கு நாறுதுன்னு சொல்லப் போறியா?”

தெருப்பக்கம் கதவு காற்றில் படாரென்று அடித்துக்கொண்டது. தெற்குக் காற்றாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டே, மறைக்காமல், முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.